ஒட்டுத்துணி விரிப்பு: முக்கோணம் தைக்க ஒரு சுலப வழி

தோழிகள் சேர்ந்து ஒட்டுத்துணி விரிப்பு தைக்கிறீர்களா? முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டாதீர்கள். குறுக்காக வெட்டிய ஓரம் இழுபட்டுக் கோணிவிடும். வெளிர் நிறத்தில் ஒன்று, அடர் நிறத்தில் ஒன்று என இரண்டு 4 இஞ்ச் சதுரங்களை, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி அடுக்குங்கள். மூலைக்கு மூலை கோடு போட்டு, அதன் இரு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தையல் போடுங்கள். அப்புறம் கோட்டின் மேலேயே வெட்டினால் இருநிறச் சதுரங்கள் இரண்டு தயார்! தையல் மடிப்பை அடர்நிறப் பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டு, மூன்றரை இஞ்சுக்கு ஓரம் நறுக்குங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுப்பது நல்லது.

பலர் கை சேரும்போது காலை வாருவது அந்தக் கால் இஞ்ச்தான். அரை நூல் (இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு) பிசகுதானே என்று விட்டால், பத்துச் சதுரம் இணைவதற்குள் ஒரு இஞ்சுக்கு மேல் விலகிவிடும். ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து, ஒவ்வொரு மெஷின் தட்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஆளுக்கு இரண்டு சதுரங்களை இணைத்து அளந்தால் சரியாக ஆறரை இஞ்ச் வரவேண்டும். வந்த பிறகே மற்றதைத் தொடங்குங்கள்.

பழைய காட்டன் புடவை இதற்கு அருமையான துணி. சுங்குடியோ புதுத் துணியோ சேர்ப்பதானால், வெட்டுவதற்கு முன்பே தனியாக அலசிக் காயவையுங்கள். சாயம் போகுமா, சுருங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.