போலோ ஜிடியைத் தாழ்த்தணுமா? ஸ்பிரிங் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

டயருக்கும் அதற்கு மேலே இருக்கிற ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாக நுழைகிறது, அதை இரண்டு விரலாக்கினால் வண்டி எப்படி நிற்கும் என்று பார்க்கிங்கில் நின்று கற்பனை செய்யாத ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிக்காரர் யாரும் இருக்க மாட்டார். நானும் அப்படி நின்றவன்தான். என்னுடையது 2015 மாடல் ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), 1.2 லிட்டர், 105 பிஎஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2022-இல் போலோ உற்பத்தியே இந்தியாவில் நின்றுவிட்டதால் இன்று ரோட்டில் ஓடுவதெல்லாம் வயதான வண்டிகள், சஸ்பென்ஷன் வேலை எல்லோருக்கும் எப்படியும் வரும். அந்த நேரத்தில் பணத்தை எதில் போடுவது, எந்த வரிசையில் போடுவது என்று புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்விஃப்ட், ஐ20 வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், ஏனென்றால் அவற்றிலும் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற முறுக்குப் பீம்) தான்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஃபெண்டர் இடைவெளியைப் பார்த்து ஸ்பிரிங் வாங்கக் கூடாது. பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் மேலே ஏற எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறதோ, அதைப் பார்த்து வாங்க வேண்டும். மெக்கானிக்குகள் இதை டிராவல் என்பார்கள். 30 மில்லிமீட்டர் (சுருக்கமாக மில்லி) வண்டியை இறக்கினால் அந்த 30 மில்லியும் டிராவலில் இருந்துதான் போகிறது.

படி 1: இருப்பது நல்லா இருக்கா என்று பாருங்கள்

என் வண்டி 60,000 கிலோமீட்டர் தாண்டியபோது வளைவில் மிதப்பது போல இருந்தது, சின்னப் பள்ளத்தில் முன்பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். உடனே ஸ்பிரிங் மாற்ற வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கிற இரண்டு லிங்க் ராடும் ஆடிப்போயிருந்தன, இடது பக்க ஷாக் அப்சார்பரின் உடம்பு முழுக்க எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டிக் கருப்பாக அப்பியிருந்தது. கம்பெனி ஷாக், லிங்க் ராட், மேலே இருக்கிற ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு வெளியே எடுத்தபோது அது வேறு வண்டி. தாழ்த்தும் ஆசையில் பாதி அன்றைக்கே அடங்கிவிட்டது.

அதனால் முதலில் ஷாக்கில் கசிவு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு, பால் ஜாயின்ட்டில் ஆட்டம், பின் பீம் புஷ் ஆகிய நான்கையும் பாருங்கள். போனட் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை முழுசாகச் செத்த ஷாக்கைத்தான் காட்டும், பாதி செத்ததைக் காட்டாது. செத்த ஷாக் மேல் புது ஸ்பிரிங் போடுவது காசைத் தண்ணீரில் போடுவது.

படி 2: அளவெடுங்கள்

சமதளம், டேங்க் நிறைய பெட்ரோல், டயரில் சரியான காற்று. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும், மையத்திலிருந்து அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. இந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள், கடைசியில் வேண்டும்.

படி 3: டயர்

ரோட்டைத் தொடுவது டயர் மட்டும்தான். ஐந்து வருடத்துக்கு மேலான, கட்டியாகிப்போன டயரை வைத்துக்கொண்டு வேறு எதை மாற்றினாலும் பலன் தெரியாது. முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும், அளவு கம்பெனி சொன்னதே போதும்.

படி 4: கேபிள் டை சோதனை

எல்லோரையும் நான் கெஞ்சிச் செய்யச் சொல்வது இதைத்தான், செலவு ஒன்றுமே இல்லை. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். முன் ஷாக்கின் ரப்பர் கவரை மேலே சுருட்டினால் பளபளவென்று குரோம் ராட் தெரியும், அதே ராடில் மேலே கோர்த்தபடி மஞ்சள் அல்லது கருப்பு நிறத்தில் ஸ்பாஞ்ச் மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் ஷாக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப். ராடின் அடியில், ஷாக் உடம்பை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டுங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நழுவக் கூடாது, அந்த அளவு இறுக்கம் போதும். கம்பியைக் கட்டாதீர்கள், ராடில் கீறல் விழுந்தால் சீல் போய் எண்ணெய் கசிய ஆரம்பிக்கும்.

இப்போது வண்டியை மெதுவாக இறக்கி, கொஞ்ச தூரம் நடை வேகத்தில் உருட்டிவிட்டு, மறுபடி தூக்குங்கள். டை எங்கே நிற்கிறதோ அதுதான் வண்டி சும்மா நிற்கும்போது ஷாக் இருக்கிற இடம். அங்கிருந்து பம்ப் ஸ்டாப்பின் அடி முனை வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள், ஒரு நாளாவது நாலு பேரை ஏற்றி, டிக்கியில் சாமான் வைத்து, உங்கள் ஏரியாவிலேயே மோசமான ரோட்டில் போங்கள். வாரக் கடைசியில் திறந்து பார்த்தால் டை பம்ப் ஸ்டாப்பில் போய் ஒட்டியிருக்கும், நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. அதாவது கம்பெனி உயரத்திலேயே டிராவல் முழுவதையும் நீங்கள் ஏற்கெனவே செலவழிக்கிறீர்கள்.

ஒரு பேச்சுக்கு உங்கள் அளவு 55 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் சக்கரம் ஏறும் தூரமும் ஷாக் அமுங்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். 30 மில்லி இறக்கினால் 25 மில்லிதான் பாக்கி, அதற்குள் பள்ளம் கொடுக்கிற அடி முழுவதையும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் வாங்கியாக வேண்டும். 40 மில்லி இறக்கினால் மிச்சம் 15, பெரும்பாலான நேரம் வண்டி பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்து ஓடும். வளைவு நடுவில் அந்தப் பம்ப் ஸ்டாப் இடித்தால் அந்தப் பக்கம் திடீரென்று கல் மாதிரி ஆகி, முன் டயர் பிடியை விட்டுவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள், எங்கே எந்தப் பள்ளம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

படி 5: ஸ்பிரிங் தேர்வு

கோவை, சென்னை ரோடுகளுக்கு என் கருத்தில் 20 முதல் 25 மில்லி போதும், 30 தான் எல்லை. கம்பெனி கணக்கில் போலோவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 165 மில்லி, ஆட்கள் ஏறினால் அதுவும் குறையும். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு சாய்வாக இருக்க வேண்டும். ஆனால் தெருவில் இரவோடு இரவாக முளைப்பவை இந்த அளவிலா இருக்கின்றன? அதனால் வாங்கும் முன் உங்கள் தெருவில் இருப்பதை அளந்து பாருங்கள்.

இன்னொரு முக்கியமான கணக்கு. நம் போலோவை இங்குள்ள ரோட்டுக்காக ஐரோப்பிய வண்டியைவிட உயர்த்தித்தான் விற்றார்கள். ஐரோப்பிய மாடலுக்காகச் செய்த ஸ்பிரிங் பெட்டியில் '30 மில்லி' என்று போட்டிருந்தால் அது அந்த ஊர் உயரத்திலிருந்து 30. இங்கே போட்டால் அதைவிடக் கூடுதலாக இறங்கும். விற்பவரிடம் 'இந்திய வண்டியில் போட்டு மையத்திலிருந்து ஃபெண்டர் வரை அளந்த கணக்கு இருக்கிறதா' என்று கேளுங்கள், இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

பெட்டியில் முன் ஆக்சில், பின் ஆக்சில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோ வரை என்று போட்டிருப்பார்கள். டீசல் இன்ஜின் கனமானது, அலுமினியம் பிளாக் கொண்ட 1.2 டிஎஸ்ஐ லேசானது. டீசலுக்கான ஸ்பிரிங்கைப் பெட்ரோலில் போட்டால் முன்பக்கம் இறங்கவே இறங்காது. மாற்றிப் போட்டால் மூக்கு குத்திக்கொண்டு நிற்கும்.

கடினம் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமனின் நான்காவது அடுக்கைப் பொறுத்தது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 12 மில்லி கம்பி 13 மில்லி ஆனாலே கடினம் 1.38 மடங்காகும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் கண்ணை நம்பாமல் எண்ணைக் கேளுங்கள். ஐபாக் பிராண்டின் புரோ கிட் போன்றவை புரோகிரசிவ் வகை: ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருக்கும், அமுங்க அமுங்கக் கடினம் கூடும். தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு இது நல்லது. முதல் அமுக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே கடினம் தருவது லீனியர் வகை, டிராக்கில் ஓட்டுபவர்கள் விரும்புவார்கள். அதே ஐபாக்கின் ஸ்போர்ட்லைன் இன்னும் தாழ்வானது, நம் ரோட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தாழ்த்தினால் வளைவில் சாயாது என்பதும் முழு உண்மை இல்லை. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் வண்டி இறங்க இறங்க லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம், அதாவது வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், நீளமாகிறது. ஸ்பிரிங் கடினம் கூடாமல் உயரம் மட்டும் குறைந்தால் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தாலும் ஆச்சரியம் இல்லை.

அதனால்தான் ஸ்பிரிங்கை வெட்டவே கூடாது என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் ஒரு கடையில் கிரைண்டரால் ஒரு சுற்று வெட்டிக்கொண்டு வந்தார். வேலை செய்யும் சுருள் ஆறில் ஒன்று போனால் கடினம் 20 சதவீதம்தான் கூடும், உயரம் போவதற்கு ஈடாக அது போதாது. அவர் வண்டியை ஜாக்கியில் தூக்கியபோது பின்பக்க ஸ்பிரிங் தன் இருக்கையில் (அது பொருந்தி உட்காரும் தட்டில்) உட்காராமல் தளர்ந்து கிடந்தது, இரண்டு விரலால் சுற்றினேன், சுற்றியது. ஓடும் வண்டி மேட்டில் துள்ளும்போதும் அதேபோல விலகும், விலகினது சரியான இடத்தில் திரும்ப உட்காரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அன்றைக்கே கழற்ற வைத்தோம்.

படி 6: ஷாக்

ஸ்பிரிங் அமுக்கிச் சேர்த்து வைக்கிற சக்தியை அடக்குவது ஷாக்கின் வேலை. ஸ்பிரிங் கடினமானால் திரும்பி எழும் வேகமும் கூடும், பழைய ஷாக்கால் அதைப் பிடிக்க முடியாமல் வண்டி துள்ளும். லேசான தாழ்த்தலுக்கு நல்ல நிலையில் இருக்கிற கம்பெனி ஷாக் கொஞ்ச காலம் தாங்கும், ஆனால் சீக்கிரம் தேயும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

பில்ஸ்டைன் பிராண்டு ஷாக்கில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்ந்த ஸ்பிரிங்குக்காக உடம்பைக் குட்டையாக்கிச் செய்தது. பி8-உம் ஐபாக் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து வருவது பி12. முதல் முறை செய்பவருக்கு இப்படி ஜோடி சேர்ந்தே வருவதுதான் பாதுகாப்பு, பொருத்தம் பார்க்கும் வேலையை அவர்களே செய்துவிட்டார்கள். கோனி பிராண்டின் மஞ்சள் நிற ஷாக்கில், ஸ்பிரிங் விரிந்து எழுவதை எவ்வளவு கட்டுப்படுத்த வேண்டும் என்று நீங்களே திருகிக்கொள்ளலாம்.

உயரத்தைத் திருகி மாற்றும் காயிலோவர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். செட்டப் செய்யும் பொறுமையும் மழைக்குப் பிறகு மரையைச் சுத்தம் செய்யும் பழக்கமும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். மலிவான காயிலோவரைவிட, உயரத்தை மாற்றாமல் பி6 மட்டும் போடுவது எவ்வளவோ மேல். நான் கடைசியில் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான்.

படி 7: சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காசு கொடுக்கும் முன் ஆர்டிஓவிடம் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள்.

படி 8: மாட்டும்போது

முன் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றாதீர்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் எலும்பை உடைக்கும், நல்ல ஸ்பிரிங் கம்பிரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இருக்கிற கடையில்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று மூன்றை மட்டும் கவனியுங்கள். திரும்பப் பயன்படுத்தக் கூடாத போல்ட்கள் ஃபோக்ஸ்வாகனில் நிறைய, அவற்றைப் புதிதாகப் போடுகிறார்களா? ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் மூன்றும் புதிதா, பம்ப் ஸ்டாப் ஷாக் கம்பெனி சொன்ன நீளத்தில் இருக்கிறதா? கடைசியாக, லோயர் ஆர்ம், பீம் புஷ் போல்ட்களைச் சக்கரம் தொங்கும்போது இறுக்குகிறார்களா? தொங்கும்போது இறுக்கினால் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதங்களில் கிழியும். வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம்.

படி 9: அதற்குப் பிறகு

அன்றைக்கே ஒரு வீல் அலைன்மென்ட். உயரம் குறைந்தால் முன் சக்கரத்தின் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) கட்டாயம் மாறியிருக்கும், விட்டுவிட்டால் டயர் உள்பக்கமாகத் தின்றுபோகும். பின்பக்கம் டார்ஷன் பீம் என்பதால் திருக ஒன்றும் இல்லை, ஆனாலும் அளந்த தாளை வாங்கி வையுங்கள். புது ஸ்பிரிங் சில மில்லி உட்காரும், அதனால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் படி 2-இன் தாளை எடுத்து அதே நான்கு இடத்தையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள், பிறகு இன்னொரு அலைன்மென்ட். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் 5 மில்லிக்கு மேல் போனால் ஸ்பிரிங் இருக்கையில் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

அதோடு ஹெட்லைட். மாட்டுவதற்கு முன்பே ஒரு சுவருக்கு 5 மீட்டர் முன்னால் நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் இப்போது அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வண்டி 25 மில்லி இறங்கியிருந்தால் வெளிச்சமும் டேப்புக்கு 25 மில்லி கீழே இருக்க வேண்டும். அதைவிட மேலே ஏறியிருந்தால் பின்பக்கம் அதிகம் இறங்கிவிட்டது, எதிரே வருபவர் கண் கூசும், அன்று இரவே ஹெட்லைட்டைத் திருகிச் சரிசெய்யுங்கள்.