ஃபேஷன் என்று எழுதும்போது செய்தியாளர்கள் சறுக்கும் இடங்கள்

"அடிக்கடி வேலை மாறுவது இளைஞர்களிடம் ஃபேஷனாகிவிட்டது." இந்த மாதிரி வாக்கியம் செய்திகளில் சர்வசாதாரணமாக வருகிறது. துணிமணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தீர்ப்புகள் இருக்கின்றன: இது பெருகிவிட்டது, ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்கிறார், உருப்படியான காரணம் எதுவும் கிடையாது. மூன்றில் ஒன்றுக்காவது செய்தியில் ஆதாரம் இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் இருக்காது. சம்பளம் போதவில்லையா, ஒப்பந்த வேலையா, மேலதிகாரியின் தொல்லையா என்று விசாரிக்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறோம்.

பேட்டி கொடுத்தவர் அப்படிச் சொன்னால் மேற்கோளுக்குள், அவர் பெயரோடு போடலாம். செய்தியாளரின் சொந்த வாக்கியத்தில் வேண்டாம். எண்ணிக்கை கையில் இருந்தால் 'அதிகரித்துள்ளது' என்று எழுதி அந்த எண்ணையும் கொடுங்கள். இல்லையா, 'சிலர் அடிக்கடி வேலை மாறுகிறார்கள்' என்பதற்கு மேல் எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

இதற்கு ஒரு தங்கை உண்டு: 'ஃபேஷன் மோகம்'. கடன், திருட்டு, குடும்பத் தகராறு என எந்தச் செய்தியானாலும், அதில் ஒரு பெண் இருந்தால் போதும், எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்கிக் கடனில் மாட்டிய ஆண் மட்டும் வெறும் கடனாளிதான்!

சரி, நிஜமாகவே உடையைப் பற்றி எழுதும்போது? மேடையில் காட்டியதையும் மக்கள் உடுத்துவதையும் ஒன்றாக்குவதுதான் அங்கே பெரிய தவறு. பாரிஸ், மிலன் போன்ற நகரங்களில் செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் பெண்கள் ஆயத்த ஆடைக் காட்சிகள் பொதுவாக அடுத்த ஆண்டின் வசந்த, கோடைக்காலத்துக்கானவை. கடைக்கே வராத உடையை 'இப்போதைய ஃபேஷன்' என்று எழுதினால் எப்படி? அது வடிவமைப்பாளரின் யோசனை, அவ்வளவுதான். மக்கள் ஏற்றுக்கொண்டால்தான் ஃபேஷன். இரண்டு நாள் சமூக ஊடகத்தில் ஓடியது டிரெண்ட். அதை அப்படியே சொல்லிவிடலாம்.

'ஓட் கூட்யூர்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. விலை அதிகமான, கைவேலை நிறைந்த உடைக்கெல்லாம் அதை ஒட்டுகிறார்கள். பிரான்சில் அது 1945 முதல் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். வாடிக்கையாளரின் அளவுக்குத் தைப்பது, பாரிஸில் சொந்தப் பட்டறை வைத்திருப்பது போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கே உரியது.

சினிமா செய்திகளில் எல்லோரும் 'ஃபேஷன் டிசைனர்' ஆகிவிடுகிறார்கள். 'காந்தி' படத்துக்காக 1983இல் ஜான் மோலோவுடன் ஆஸ்கர் பெற்ற பானு அத்தையா காஸ்ட்யூம் டிசைனர். அவரது வேலை, கதையின் காலத்துக்கும் பாத்திரத்துக்கும் பொருந்தும் உடையை அமைப்பது. பாத்திரத்தின் வேட்டி கசங்கி, நைந்து இருக்க வேண்டுமென்றால் அதைத் திட்டமிட்டு நைய வைப்பதும் அந்த வேலைதான். நடிகர் விழாவுக்கு எதை உடுத்துவது என்று தேர்ந்தெடுப்பவர் ஸ்டைலிஸ்ட். மூன்றும் மூன்று தொழில்.

அப்புறம் 'ஃபேஷன் உலகம்'. இதைப் படிக்கிறவர் மனதில் வருவது மாடல்களும் நட்சத்திரங்களும்தான். 2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேலைநாட்டுக் கடைகளுக்கு உடை தைத்த தொழிலாளர்கள். 'ஃபேஷன் உலகம் அதிர்ச்சி' என்று தலைப்பு வைத்தால் இவர்கள் அந்த உலகத்துக்கு வெளியே நிற்பது போலாகிவிடும். பிராண்டைச் சொல்கிறீர்களா, தைத்துக் கொடுத்த தொழிற்சாலையையா, தையல் இயந்திரத்தின் முன் இருந்தவரையா? யாரோ அவரைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.