டார்க் ரெஞ்ச்: 'கிளிக்' சத்தத்துக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

வைத்த அளவு எட்டியதும் 'கிளிக்' அடிக்கும் டார்க் ரெஞ்ச், போல்ட்டின் பிடிமானத்தை அளப்பதில்லை. நாம் கொடுக்கும் திருகு விசையை மட்டுமே அளக்கிறது. அந்த விசையில் ஏறத்தாழ பாதி, போல்ட் தலைக்கு அடியில் நடக்கும் உராய்விலேயே போய்விடும். இன்னொரு 40 சதவீதத்தை மரைகளின் உராய்வு தின்றுவிடும். மிச்சமிருக்கும் 10 சதவீதம்தான் போல்ட்டை நூலளவு நீளச் செய்து, இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. மரையில் துரு இருந்தால் அந்தப் பத்தும் சுருங்கும். எண்ணெய் இருந்தால் பெருகும். ரெஞ்ச் இரண்டுக்கும் ஒரே எண்ணில்தான் கிளிக் அடிக்கும். அதனால் வேலையின் பெரும்பகுதி ரெஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

போல்ட், நட்டு இரண்டின் மரைகளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். தலை உட்காரும் பரப்பையும் சேர்த்துத்தான். பாதி உராய்வு அங்கேதான் இருக்கிறது, பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. பிறகு வெறும் விரலால் கடைசி வரை திருகிப் பாருங்கள். நடுவில் சிக்கினால் மரை அடிபட்டிருக்கிறது அல்லது கோணலாக ஏறியிருக்கிறது. ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மிச்ச மரையும் போய்விடும். கழற்றி, நேராக்கி, மீண்டும் ஏற்றுங்கள்.

சர்வீஸ் மேனுவல் வேறு மாதிரி சொல்லாதவரை, அதில் உள்ள டார்க் அளவைச் சுத்தமான, உலர்ந்த மரைக்கானது என்று எடுத்துக்கொள்ளலாம். உலர்ந்த மரைக்கான அளவில் எண்ணெய் தடவி இறுக்கினால், அதே எண்ணிலேயே பிடிமானம் கால் பங்குக்கு மேல்கூட ஏறிவிடும். போல்ட் நிரந்தரமாக நீண்டுபோக அது போதும். மரை பூட்டும் பசையும் ஈரமாக இருக்கும்போது எண்ணெய் போலவே வழுக்கும் என்பதால், மேனுவல் கேட்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். எஞ்சின் பிளாக்கில் அடி மூடிய துளைகள் இருந்தால் உள்ளே தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் காற்று அடித்து வெளியேற்றுங்கள். திரவம் அமுங்காது, இறங்கும் போல்ட் அதை நெருக்கி பிளாக்கையே விரிசல் விட வைத்துவிடும்.

எந்த ரெஞ்ச்?

ஒரே ரெஞ்சில் எல்லா வேலையும் முடியாது. அரை இன்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) ரெஞ்சுகள் பெரும்பாலும் 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் (என்.எம்.) வரை போகும். வீல் நட்டு, சஸ்பென்ஷன், கேலிப்பர் பிராக்கெட் போல்ட்டுகளுக்கு அது. 3/8 இன்ச் டிரைவ் சுமார் 20 முதல் 100 வரை. ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் போல்ட், கேலிப்பர் ஸ்லைடு பின் எல்லாம் இதில் அடங்கும். வால்வ் கவர் போன்ற 10 என்.எம். வேலைகளுக்குக் கால் இன்ச் டிரைவ் வேண்டும். ஐஎஸ்ஓ 6789 தரப்படி, 10 என்.எம்.முக்கு மேற்பட்ட கிளிக் ரெஞ்சின் பிழை கூட்டியோ குறைத்தோ 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் அந்த உறுதி உச்ச அளவின் 20 சதவீதத்துக்கு மேல்தான். 200 வரை போகும் ரெஞ்சில் 25 வைத்து பிளக் இறுக்குவது கையால் குத்துமதிப்பாக இறுக்குவதைவிட மோசம், ஏனென்றால் வராத கிளிக்குக்காகக் காத்துக்கொண்டே திருகிவிடுவோம்.

முள் காட்டும் பழைய மாதிரி ரெஞ்சை யாரும் மதிப்பதில்லை, ஆனால் அதில் ஸ்பிரிங் கிடையாது, தளர்ந்துபோக ஒன்றும் இல்லை. முள் பூஜ்ஜியத்தில் நின்றால் போதும். நேர் எதிரே நின்று படிக்க இடம் வேண்டும் என்பதுதான் அதன் சங்கடம்.

அளவை வைப்பது

பூட்டைத் தளர்த்தி, கைப்பிடியைச் சுழற்றுங்கள். பல அரை இன்ச் ரெஞ்சுகளில் தண்டில் 28, 42, 56, 70, 84, 98 என்று 14, 14 ஆகக் கோடுகள் இருக்கும். கைப்பிடியின் விளிம்பில் ஒவ்வொரு கோடும் 1 என்.எம். 103 வேண்டுமானால் விளிம்பின் பூஜ்ஜியத்தை 98 கோட்டில் நிறுத்தி, மேலும் 5 கோடு சுற்றிப் பூட்டுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏறி அளவை அடையுங்கள். தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏறி வாருங்கள்.

தண்டின் மறுபக்கம் அடி-பவுண்டு அளவு இருக்கும். 1 அடி-பவுண்டு 1.356 என்.எம். 108 என்.எம். கேட்கும் நட்டுக்கு அடி-பவுண்டு பக்கம் 108 வைத்தால் 146 என்.எம். ஏறிவிடும். மேனுவலில் கிலோகிராம் மீட்டர் இருந்தால் 9.81 ஆல் பெருக்குங்கள்.

இழுப்பது

கைப்பிடியின் நடுவில், குறி இருந்தால் அந்தக் குறியில், ஒரே கையால் பிடியுங்கள். கை முன்னே பின்னே போனால் கிளிக் மாறும், ஏனென்றால் ரெஞ்சின் உள்ளே விசை உணரும் முனை, சாக்கெட் மாட்டும் சதுரத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. குழாய் சொருகி நீட்டவே கூடாது. முதலில் சாதாரண ராட்செட்டால் ஓரளவு இறுக்கிவிட்டு, கடைசிச் சுற்றை மட்டும் இதற்கு விடுங்கள். நிதானமாக, ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கிளிக் கேட்பதற்குள் அளவு தாண்டியிருக்கும். சின்ன அளவுகளில் சத்தம் சன்னமாக இருக்கும், கையில் படும் துள்ளலை நம்புங்கள். கிளிக் வந்ததும் நிறுத்துங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று அடிக்கும் இரண்டாவது கிளிக், மூன்றாவது கிளிக் எல்லாம் கூடுதல் இறுக்கம்தான்.

இழுத்த கணமே, நட்டு அசையாமல் கிளிக் வந்தால் 'சரியாக இருக்கிறது' என்று அர்த்தமில்லை. வைத்த அளவுக்குக் குறையவில்லை என்பது மட்டுமே தெரிகிறது; இரு மடங்கு இறுகியிருந்தாலும் இதே கிளிக்தான். சந்தேகம் வந்தால் வேறு ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். கழற்றும் வேலைக்கு டார்க் ரெஞ்ச் வேண்டாம். துருப்பிடித்த நட்டு எவ்வளவு கேட்கும் என்று யாருக்கும் தெரியாது, ரெஞ்சின் உச்ச அளவை எளிதாகத் தாண்டிவிடும்.

நேரான எக்ஸ்டென்ஷன் ராட் அளவை மாற்றாது, சாய்ந்து நிற்காமல் பிடித்தால் சரி. பக்கவாட்டில் நீளும் காக்கைக்கால் ஸ்பேனர் மாற்றும். ரெஞ்சின் நீளம் 450 மில்லிமீட்டர், ஸ்பேனர் நேராக முன்னால் 50 நீட்டுகிறது, தேவை 100 என்.எம். என்றால், 100 ஐ 450 ஆல் பெருக்கி 500 ஆல் வகுத்து, 90 வைக்க வேண்டும். ஸ்பேனரை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்ட இடமிருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

வீல் நட்டு

பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களுக்கு 90 முதல் 120 என்.எம்.முக்குள் இருக்கும், உங்கள் காருக்கானதை மேனுவலில் பாருங்கள். வீல் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தால் சுரண்டுங்கள். அது இடையில் மாட்டி, ஓட்டத்தில் நொறுங்கினால், இறுக்கிய நட்டெல்லாம் தளரும். கூம்பு முகமுள்ள நட்டின் கூம்பு வீல் பக்கம் இருக்க வேண்டும். மரையில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம்.

விரலால் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். வீல் தூக்கிய நிலையிலேயே பாதி அளவுக்கு, ஒன்று விட்டு ஒன்றாக இறுக்குங்கள்: ஐந்து நட்டு என்றால் 1, 3, 5, 2, 4, நான்கு என்றால் எதிரெதிராக. ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பதிந்ததும் அதே வரிசையில் முழு அளவு. வரிசையைத் தவறவிட்டு ஒரு பக்கம் அதிகமாக இறுக்கினால் பிரேக் டிஸ்க் நூலளவு சாயும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சாய்ந்த டிஸ்க் பேடில் உரசி உரசி ஓரிடத்தில் மெலிந்த பிறகு, பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் அதிரும். அப்போது வீல் நட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின், டயர் ஆறியதும், அதே அளவில் ஒருமுறை சரிபாருங்கள். அலாய் வீலுக்கு இது கட்டாயம்.

பிளக், டிரெயின் போல்ட், கோணப் போல்ட்

ஸ்பார்க் பிளக்கை ஆறிய எஞ்சினில் மட்டும் மாட்டுங்கள். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக் அலுமினிய ஹெட்டில் சுமார் 25 முதல் 30 என்.எம். கேட்கும்; 12 மில்லிமீட்டர் பிளக்குக்கு 15 முதல் 20, 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12 போதும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, மேனுவல் அளவோடு நில்லுங்கள். ஒழுகினால் வாஷரைப் பாருங்கள், மேலும் இறுக்காதீர்கள். சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) அலுமினியமாக இருந்தால் முதலில் கழல்வது அதன் மரைதான்.

சிலிண்டர் ஹெட்டில் '40 என்.எம்., பிறகு 90 பாகை, மறுபடி 90 பாகை' என்று இருந்தால், அந்தப் போல்ட் தன் மீள் எல்லை வரை இழுக்கப்படுகிறது. உராய்வின் குளறுபடியைத் தவிர்க்கத்தான் கோணக் கணக்கு. பாகைமானி மாட்டியோ, போல்ட் தலையில் பெயின்ட் புள்ளி வைத்தோ திருப்புங்கள். அப்படிப்பட்ட போல்ட்டுகளை மேனுவல் மறுபடி போடக் கூடாது என்று சொன்னால், பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வைப்பதும் சரிபார்ப்பதும்

வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கோடு வரை இறக்கி வையுங்கள். அதற்கும் கீழே கழற்றாதீர்கள், ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் போய்விடும். நெடுநாள் சும்மா கிடந்த ரெஞ்சை, நடு அளவில் ஐந்தாறு கிளிக் அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், உள்ளே கிரீஸ் பரவும். கீழே விழுந்தால் அது பழைய ரெஞ்ச் இல்லை. 5,000 கிளிக் அல்லது 12 மாதம் என்பது மறு அளவீட்டுக்கு வழக்கமான கெடு.

வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். சதுரத்தை வைஸில் பிடித்து, ரெஞ்சைப் படுக்கை மட்டத்தில் நிறுத்துங்கள். கைப்பிடியின் நடு, சதுரத்திலிருந்து 45 சென்டிமீட்டர் என்றால், அங்கே 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 88 என்.எம். வரும். ரெஞ்சின் சொந்த எடையையும் சேருங்கள்: 1.5 கிலோ ரெஞ்ச், 20 சென்டிமீட்டரில் சமநிலை கொண்டால் இன்னொரு 3. மொத்தம் 91. ரெஞ்சில் 80 வைத்தால் கிளிக் வர வேண்டும், 100 வைத்தால் வரக் கூடாது. இடையில் எங்கே மாறுகிறது என்று படிப்படியாகத் தேடுங்கள். 87 முதல் 95 வரை சரி. எடையை மெதுவாக விடுங்கள், காலை அதன் அடியில் வைக்காதீர்கள்.