ஒற்றுக்கு முன்னால் ஓட்டியது யார் என்று பாருங்கள்

பத்திரிகையில் செய்தி திருத்தும் டெஸ்க்குக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், காப்பி, அதாவது நிருபர் எழுதிய செய்தி, கைக்கு வந்ததும் ஒற்றுப்பிழை (க், ச், த், ப் விடுபடுவது அல்லது தேவையில்லாமல் வருவது) தேட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு தலைப்பில் வசமாக மாட்டிக்கொள்ளும்வரை.

'குடிபோதையில் கார் ஓட்டிய டாக்டரின் மகன் கைது.'

எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. மறுநாள் காலை டாக்டரே போனில் வந்தார். "நான் எப்போ தம்பி குடிச்சிட்டு ஓட்டினேன்?"

'ஓட்டிய' போன்ற பெயரெச்சம் பக்கத்தில் நிற்கிற பெயரைத்தான் முதலில் பிடிக்கும். இங்கே டாக்டரைப் பிடித்துவிட்டது. 'டாக்டரின் மகன், குடிபோதையில் கார் ஓட்டியதாகக் கைது' என்று மாற்றியிருந்தால் அவர் தப்பியிருப்பார். 'ஓட்டியதாக' என்பதில் இன்னொரு லாபமும் உண்டு: வழக்கு முடியும் முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிடுவதில்லை.

அதனால் முதல் வாசிப்பில் யார், என்ன செய்தார் என்பதை மட்டும் பாருங்கள். அப்புறம் வாக்கியத்தின் வாலுக்குப் போங்கள். 'மழையில் 3 வீடுகள் இடிந்தது' என்று நிருபர் அனுப்பியிருப்பார். 'இடிந்தன' என்று திருத்துங்கள். 'நாளை பேருந்துகள் ஓடாது' என்பதும் இதே பிழைதான். ஆனால் இலக்கணப்படி 'ஓடா' என்று போட்டால் வாசகர் திகைத்துப்போவார். நான் 'நாளை பேருந்து ஓடாது' என்று ஒருமையாக்கி நழுவிவிடுவேன்.

ஒற்றுக்கு மூன்றாவது இடம். 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று வேண்டும்: 'அவரைக் கைது செய்தனர்', 'மருத்துவமனைக்குச் சென்றார்'. இந்த இரண்டில் கை பழகினாலே பாதிக் காப்பி சுத்தமாகிவிடும். பொருள் மாறும் இடத்தில் மட்டும் இரண்டு தடவை பாருங்கள். 'வேலை கொடுத்தார்' என்றால் உத்தியோகம். 'வேலைக் கொடுத்தார்' என்றால் முருகன் கையில் இருப்பது.

சொற்களில் எனக்குத் தினமும் தலைவலி கொடுப்பவை மூன்று. கிணறு, கிணற்றில் ஆகும். சுவர் அப்படி ஆகாது, 'று' இல்லையே, ஆகவே 'சுவரில்'. பதறுவதால் 'பதற்றம்', பதட்டம் இல்லை. 'முயற்சித்தார்' வேண்டாம், 'முயன்றார்' போதும். ஒற்றைப் பத்தி அகலத் தலைப்பில் இடமும் மிச்சம்.

கடைசியாகத் தலைப்பை மட்டும் பக்கத்து மேசைக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, "யாரைக் கைது பண்ணாங்க?" என்று கேளுங்கள். அவர் ஒரு நொடி யோசித்தாலும் தலைப்பை மாற்றிவிடுங்கள்.