படிப்பு முடிந்தது, மாணவர் உரிமமும் முடிந்தது: கைக்காசுக்குள் ஒரு மேடை விளக்கு மென்பொருள்

படிக்கிற காலத்தில் மாணவர் உரிமத்தில் விலை கூடிய மென்பொருள் ஒன்றில் வரைந்து பழகியிருப்போம். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபின் ஒருநாள் காலையில் திறந்தால் உள்ளே விடாது. எனக்கு அது தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது நடந்தது. மேடை வரைபடம் முழுக்க அதற்குள், கையில் ஒரு பிரதிகூட இல்லை. ஆகவே உரிமம் உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக எடுத்து வைத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

லைட்டிங் டிசைன் என்று தேடினால் இரண்டு வேறு தொழில்களின் சாமான் கலந்து வந்து விழும். ஒன்று கட்டடத்துக்கானது, அறையில் எத்தனை லைட் போட்டால் மேசைமேல் எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழும் என்று கணக்குப் பார்ப்பது. நுவரெலியாவில் ஹோட்டல் வேலை, தேயிலை ஸ்டோர் வேலை என்று போகிறவர்களுக்கு டயலக்ஸ் ஈவோ இருக்கிறது. ஜெர்மன்காரர்களுடையது, விண்டோஸில் ஓடும், இலவசம். மற்றது மேடைக்கானது. இனி அதைப் பற்றி மட்டும்.

படி 1: கையில் இருப்பதை எழுதுங்கள்

எதையும் தரவிறக்கும் முன் ஒரு கொப்பியை எடுங்கள். லெப்டொப் எவ்வளவு பழசு, ரேம் எவ்வளவு என்று எழுதுங்கள். பிறகு உங்கள் ஊர் சவுண்ட் செட்காரரிடம் போய், அவரிடம் இருக்கிற லைட்டுகளின் பின்பக்கத்தைப் பார்த்து, எந்த லைட்டுக்கு எத்தனை சேனல் என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஎம்எக்ஸ் என்பது மேடை லைட்டுகளுக்கு வயரில் கட்டளை அனுப்ப 1986இல் வந்த முறை. லைட்டில் நிறம், வெளிச்சம் என்று மாற்றக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல். ஒரு வயரில் 512 சேனல், ஒவ்வொரு சேனலிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். எல்ஈடி பார் ஒன்று 7 சேனல் என்றால் நான்கு பாருக்கு 28 சேனல், முகவரிகள், அதாவது ஒவ்வொரு பாரும் தொடங்குகிற சேனல் எண்கள், 1, 8, 15, 22. இவ்வளவுதான் கணக்கு. பத்துப் பதினைந்து லைட்டுக்கு மேல் ஒரு தோட்ட மேடையில் நான் கண்டதில்லை, அதற்கு ஏன் டொலரில் சந்தா கட்ட வேண்டும்?

படி 2: க்யூஎல்சி பிளஸில் ஒரு பாட்டைச் செய்து பாருங்கள்

லெப்டொப்பிலிருந்து லைட்டுகளை இயக்குகிற மென்பொருள், ஆரம்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய லெப்டொப்பும் தாங்கும். முகப்பைப் பார்த்தால் அழகாக இருக்காது, அதை விடுங்கள்.

முதலில் லைட்டுகளைச் சேர்க்கும் பகுதியில் உங்கள் பாரைத் தேடுங்கள். பெயரில்லாத மலிவு லைட் பட்டியலில் இருக்காது, அப்போது பொதுவான வகையில் சேனல் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள், அல்லது கூடவே வருகிற இன்னொரு சின்ன நிரலில் நீங்களே அந்த லைட்டை எழுதிக்கொள்ளலாம். முகவரி கொடுங்கள். அப்புறம் ஒரு சீன் செய்யுங்கள், நான்கு பாரும் நீலம். இன்னொன்று, இரண்டு மட்டும் செம்மஞ்சள். இவற்றை வரிசையாக ஓட விடுவது சேசர். ஒளி விழாவுக்குப் பிள்ளைகள் ஆடுகிற ஒரு பாட்டை எடுத்து, பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று என்று செய்து, சேமித்து, மூடி, திரும்பத் திறந்து பாருங்கள். லைட் கையில் இல்லாவிட்டாலும் மொனிட்டர் பகுதியில் மேலிருந்து பார்ப்பதுபோல் நிறம் மாறுவது தெரியும்.

படி 3: இலவசம் என்றால் எதுவரை இலவசம்?

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பல நாள் வீணாக்கினேன். கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசி இலவசமாகக் கிடைக்கும், முப்பரிமாணத்தில் மேடையையே காட்டும், பெரிய கச்சேரிகளில் ஓடுகிற அதே முறையைப் பழகலாம். ஆனால் உண்மையான லைட் எரிய வேண்டுமானால் அவர்களுடைய கருவி வேண்டும். சாம்சிஸ்ஸின் மேஜிக்யூவும் இலவசம், அது ஆர்ட்நெட் வழியாக, அதாவது நெட்வொர்க் வழியே டிஎம்எக்ஸை அனுப்புகிற முறையில், வெளியே அனுப்ப விடுகிறது, சில வசதிகள் மட்டும் அவர்கள் கருவியைச் செருகினால்தான் திறக்கும். கொழும்புப் பக்கம் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் இவற்றில் ஒன்றையும் பழகுவது நல்லது. வரைபடத்துக்கு லிப்ரேகேட் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும், ஒருவரிடம் காட்டிச் சம்மதம் வாங்க பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் ஒரு படம் செய்யலாம். பிளெண்டர் பழக நாள் எடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பரிமாணப் படத்தை அப்படியே நம்ப வேண்டாம். திறந்த மைதானத்தில் ராத்திரி மிஸ்ட் இறங்கினால் முன்னாலிருந்து அடிக்கிற வெள்ளை லைட் வெள்ளைச் சுவராகிவிடும், ஹட்டன் ரோட்டில் ஹை பீம் போட்டு ஓட்டினவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கவாட்டு லைட்டைக் கூட்டி ஒரு சீன் தனியாக வைத்திருங்கள். அப்போது ஒளிக்கற்றை அதுவாகவே தெரியும், புகை மெஷினுக்குக் காசு மிச்சம்.

படி 4: முதல் காசை எதில் போடுவது

மென்பொருளில் போடாதீர்கள். யுஎஸ்பியிலிருந்து டிஎம்எக்ஸ் எடுக்கிற பெட்டியில் போடுங்கள். மலிவானவற்றில் உள்ளே மூளை கிடையாது, நேரக்கணக்கை லெப்டொப்பே பார்க்க வேண்டும், அது வேறு வேலையில் மாட்டினால் லைட் துடிக்கும். சொந்தச் சிப் உள்ளது விலை கூட. முடிந்தால் அதையே வாங்குங்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினாலும் பரவாயில்லை. கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் ஒன்றை, அதாவது சிக்னல் வயரில் திரும்பி வராமல் தடுக்கிற சின்ன பிளக்கை, செருக மறக்க வேண்டாம்.

சந்தா கட்டுகிற பெரிய மென்பொருளை, அந்த வடிவத்திலேயே வரைபடம் வேண்டும் என்று காசு தருகிறவர் கேட்கும்போது, அந்த வேலைக்கான கூலியில் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு எடுங்கள்.

விழாவுக்கு முதல்நாள் நெட்டை நிறுத்திவிட்டு, சார்ஜரையும் கழற்றிவிட்டு, முழு நிகழ்ச்சியையும் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற வரைக்கும் லெப்டொப் தாங்குமா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.