தேகோ அப்னா தேஷ்: ஊர் சுற்றக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 சுதந்திர தின உரையில் பிரதமர் மோடி, 2022-க்குள் உள்நாட்டிலேயே குறைந்தது 15 இடங்களையாவது குடும்பத்தோடு போய்ப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதையொட்டி 2020 ஜனவரியில் சுற்றுலா அமைச்சகம் தொடங்கிய திட்டம்தான் ‘தேகோ அப்னா தேஷ்’, அதாவது ‘உங்கள் நாட்டைப் பாருங்கள்’. நல்ல திட்டம், நம் பிள்ளைகளுக்கு அவசியமானதும்கூட. ஆனால் அந்த 15 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோமே, அதுதான் முதல் தவறு.

மூன்று நாளில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று பேக்கேஜ் போட்டு, வேனை விட்டு இறங்கி, ஒரு செல்ஃபி எடுத்து, மறுபடி வேனில் ஏறினால் எண்ணிக்கை கூடும், பார்த்தது எதுவும் மனதில் நிற்காது. மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல எல்லோரும் ஒரு போட்டோ எடுக்கிறார்கள், பக்கத்திலேயே இருக்கும் அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்தை நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பெரிய யானைகளின் கீழே ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, அதைச் சுற்றி எலிகள். இப்போது மேலே பாருங்கள், எலும்பும் தோலுமாக ஒற்றைக் காலில் நிற்கும் தபசியும் கைகளை அப்படித்தான் தூக்கியிருக்கிறார். போலிச் சாமியாரை ஒரு சிற்பி 1,300 வருஷத்துக்கு முன்பே கல்லில் கிண்டல் செய்திருக்கிறார் என்று பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், அதற்கப்புறம் அந்தப் பாறையை விட்டு அவ்வளவு சீக்கிரம் நகர மாட்டான். நமக்கே தெரியாதென்றால் அரசு உரிமம் பெற்ற வழிகாட்டியை வைத்துக்கொள்ளலாம், அந்தக் காசு வீண் போகாது.

அடுத்தது, விடுமுறை நாள் பார்க்காமல் டிக்கெட் போடுவது. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை கிடையாது. செங்கோட்டை திங்கட்கிழமை கிடையாது. அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. அவுரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) தங்கி இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள், திங்களன்று எல்லோரா, செவ்வாயன்று அஜந்தா என்று மாற்றிப் போட்டாலே போதும், இது தெரியாமல் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நம் கோயில்களிலும் நண்பகலுக்கு மேல் நடை சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள்.

மூன்றாவது, தூரத்தில் இருந்தால்தான் சுற்றுலா என்று நினைப்பது. இதற்குத் திட்டமும் ஒரு காரணம். 15 இடங்களைப் பார்த்துப் போட்டோ அனுப்பினால் பயணச் செலவை அரசே தரும் என்று 2020-இல் அறிவித்தபோது, சொந்த மாநிலத்துக்கு வெளியே போக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அந்தக் கெடு 2022-ஓடு முடிந்த கதை. இன்னும் அந்தப் பணம் வரும் என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் தொடாதீர்கள்.

சரி, பக்கத்தில் என்ன இருக்கிறது? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் 12 சேர்ந்தன. அதில் 11 மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று நம் செஞ்சி! சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம், இருந்தும் பார்க்காதவர்கள்தான் அதிகம். போனால் வெயில் ஏறுவதற்குள் கோட்டையின் ராஜகிரி மலைப் படிகளில் ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

கட்டணத்துக்குப் பயந்து வெளியிலேயே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. மத்திய தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். ஏப்ரல் 18, உலகப் பாரம்பரிய தினத்தன்று பெரியவர்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

கடைசியாக, சுவரில் பேர் கிறுக்குவது. எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான். பல்லவரும் சோழரும் விட்டுப்போன கல்லில் சாவியால் இதயம் வரைந்து அம்பு விட்டு வைக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்தே விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கண்ணெதிரே யாராவது அப்படிச் செய்தால் சும்மா வந்துவிடாதீர்கள், அங்கிருக்கும் காவலரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.