பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பாகம் மாற்றுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்

என் பழைய கார் ஒருநாள் சாவியைத் திருப்பியதும் "டொக்" என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நின்றுவிட்டது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டேன். சரியாகவில்லை. இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். இரண்டு வாரம் ஓடியது, பிறகு மறுபடியும் அதே "டொக்". கடைசியில் பார்த்தால், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் முனை பச்சை பூத்துப் போயிருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து போல்ட்டை இறுக்கினேன், பத்து நிமிட வேலை. அன்றிலிருந்து எதையும் அளந்து பார்க்காமல் நான் மாற்றுவதில்லை.

இங்கே சொல்வது கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது) டிஸ்ட்ரிபியூட்டரும் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) உள்ள பழைய பெட்ரோல் கார்களுக்கு. மூன்றாவது படி வரைக்கும் உள்ளவை பெரும்பாலும் மற்ற பெட்ரோல் கார்களுக்கும் பொருந்தும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கம்பி பிரஷ், பிடியில் நல்ல இன்சுலேஷன் உள்ள குறடு. செல்ஃப் அடிக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் வேலை சுலபம்.

தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தாலோ அதன் வாடை அடித்தாலோ ஸ்பார்க் சோதனை வேண்டவே வேண்டாம். பிளக் வயரில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை வேறு ஒருவரிடம் விட்டுவிட வேண்டும்.

படி 1: முதலில் காதால் கேளுங்கள்

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சத்தம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

"டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினலில் லூஸ் கான்டாக்ட். ஒரே ஒரு "டொக்" கேட்டு இன்ஜின் சுற்றாவிட்டால் தடித்த வயர், எர்த், சொலினாய்டு (சாவியைத் திருப்பும்போது செல்ஃபுக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்), செல்ஃப் மோட்டார் ஆகிய நான்கில் ஒன்று. சத்தமே இல்லை என்றால் இக்னிஷன் சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயரையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். செல்ஃப் "விர்ர்" என்று தனியாகச் சுற்றி இன்ஜின் அசையாமல் இருந்தால் அதன் பினியன் பல் ஃபிளைவீலில் மாட்டவில்லை. அதற்குச் செல்ஃபைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. நேராக நான்காம் படிக்குப் போய்விடுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நிறைய பணம் வீணாகிறது. இன்ஜின் சுற்றாத காருக்குப் பிளக் மாற்றி ஒரு பயனும் இல்லை.

படி 2: பேட்டரி

கார் சில மணி நேரம் நின்ற பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த ஒரு அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. வயதான பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 காட்டும், செல்ஃப் அடித்ததும் படுத்துவிடும். அதனால் செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரைப் பாருங்கள். குளிரில்லாத நாளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் போனால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு ஒரேயடியாக மங்கினாலோ அணைந்தாலோ பேட்டரி அல்லது டெர்மினல். விளக்கு கொஞ்சமும் மங்காமல் அப்படியே எரிந்தால் செல்ஃபுக்குக் கரன்ட்டே போகவில்லை.

படி 3: வயரும் எர்த்தும்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாக வேலை பாருங்கள். பழைய காரில் துருவும் பச்சையும்தான் முதல் எதிரி. செல்ஃப் இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல். அவ்வளவு கரன்ட் போகும் பாதையில் சின்னத் தடை இருந்தாலும் போதும், மோட்டார் திணறிவிடும். அதே வழியில் ஹெட்லைட் நன்றாக எரியும், ஹார்ன் அடிக்கும். அதனால்தான் பேட்டரி நன்றாக இருக்கிறதே என்று குழம்பிப்போகிறோம்.

டெர்மினல் கிளாம்புகளைக் கழற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஈய முனையையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் பளபளப்பாகும் வரை தேய்த்து இறுக்கமாக மாட்டுங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம். அந்த நீர் பேட்டரிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எனக்கு எர்த் பட்டையைக் காட்டிக்கொடுத்த சோதனை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி, காயிலிலிருந்து (பொறிக்கான உயர் வோல்ட்டேஜை உண்டாக்குவது) டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வரும் தடித்த வயரை மூடியிலிருந்து உருவி, அதன் முனையை இன்ஜின் இரும்போடு சேர்த்து வையுங்கள். காற்றில் தொங்கவிட்டால் காயில் பாழாகலாம். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையில், மற்றொன்று சொலினாய்டில் பேட்டரி வயர் வந்து சேரும் தடித்த போல்ட்டில். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால் வயர் நல்லது. பிறகு ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மற்றொன்று இன்ஜின் பிளாக்கில். இங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையின் இரண்டு முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சூடாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். எர்த் பட்டையில் வழி கிடைக்காத கரன்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம்.

வயர் எல்லாம் சரி, இன்னும் சுற்றவில்லை என்றால் சொலினாய்டின் சின்ன வயரில் டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள். சாவியைத் திருப்பும்போது லேம்ப் எரிந்தால் கோளாறு சொலினாய்டில் அல்லது செல்ஃபில். எரியாவிட்டால் இக்னிஷன் சுவிட்ச் பக்கம். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் நியூட்ரல் சுவிட்ச்சையும் பாருங்கள்.

படி 4: சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஸ்பார்க் வருகிறதா?

ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரில் மாட்டுங்கள். வயரைக் குறடால் பிடித்து, பிளக்கின் இரும்பு உடல் இன்ஜினை நன்றாகத் தொடும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். செல்ஃப் அடித்தால் நீலமும் வெள்ளையுமாக, "சட் சட்" என்று கேட்கும்படி பொறி வர வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் போதாது. அழுத்தம் நிறைந்த சிலிண்டருக்குள் அது வெடிக்காது. பொறி நன்றாக இருந்தால் ஐந்தாம் படிக்குப் போங்கள்.

பிளக்கில் பொறி இல்லையா? காயிலிலிருந்து மூடிக்கு வரும் நடு வயரின் முனையை இன்ஜினிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளிக் குறடால் பிடித்துப் பாருங்கள். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) உள்ள கார்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் மாட்யூல் கெட்டுப்போகலாம். அதற்கென்றே விற்கும் ஸ்பார்க் டெஸ்டரைப் பயன்படுத்துங்கள்.

இங்கே பொறி வந்தால் காயில் வேலை செய்கிறது, கோளாறு மூடியிலோ, அதற்குள் சுற்றும் ரோட்டாரிலோ, வயர்களிலோ. மூடியின் உள்ளே ஈரம் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தாலே பல கார்கள் கிளம்பிவிடும். பென்சிலால் கிழித்தது போல் மெல்லிய கருப்புக் கோடு தெரிகிறதா? அது பொறி ஓடி ஓடி உண்டான பாதை, மூடியை மாற்ற வேண்டும். மூடியின் நடுவில் ஒரு சின்னக் கார்பன் குச்சி ஸ்பிரிங்கோடு இருக்கும். அது உடைந்தோ தேய்ந்தோ போயிருக்கிறதா என்றும் பாருங்கள். வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் எண் எழுதி டேப் ஒட்டிவிடுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை 1-3-4-2. இரண்டு வயர் இடம் மாறினால் வெடிச்சத்தம்தான் வரும், கார் ஓடாது.

காயிலிலிருந்தே பொறி வரவில்லை என்றால் பாயிண்ட்டுக்குப் போக வேண்டும். பாயிண்ட்டையும் காயிலையும் வைத்துப் பொறி உண்டாக்கும் இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். 1912 மாடல் காடிலாக் காரில் வந்த மின்சார செல்ஃபும் அவருடைய வேலைதான். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க ஓடிய முறை இது, புரிந்துகொள்வதும் எளிது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரன்ட் ஓடும். திறந்ததும் கரன்ட் அறுந்து, அந்த நொடியில் காயில் உயர் வோல்ட்டேஜை உமிழும்.

சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையை காயிலின் பாசிட்டிவில் வையுங்கள். எரியவில்லை என்றால் சுவிட்சிலிருந்து கரன்ட் வரவில்லை. எரிந்தால், முனையை நெகட்டிவுக்கு மாற்றிச் செல்ஃப் அடியுங்கள். லேம்ப் மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட்கள் தொடவில்லை, பெரும்பாலும் அழுக்கு. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கன்டென்சரோ (பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை) அதன் வயரோ ஷார்ட், அல்லது காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது.

பாயிண்ட் இடைவெளி பல கார்களில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே சரி. இன்ஜினை மெல்லச் சுற்றி, பாயிண்ட்டின் குதிகால் கேம் முனையின் உச்சியில் ஏறி நிற்கும்போது ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பலர் தவறவிடும் ஒன்று: ஃபீலர் கேஜில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அந்த எண்ணெய் பாயிண்ட்டில் ஒட்டினாலே பொறி வராது. அளந்து முடித்ததும் சுத்தமான தாளை இடையில் விட்டு இழுத்துத் துடைத்துவிடுங்கள். பாயிண்ட் சீக்கிரம் சீக்கிரம் கருகினால் கன்டென்சர் போய்விட்டது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இன்னொரு அறிகுறி. சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்வரை இன்ஜின் ஓடுகிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது. காயிலுக்கு முன்னால், அதற்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள கார்களில் பெரும்பாலும் அதுதான் காரணம். ஸ்டார்ட் செய்யும்போது கரன்ட் அதைத் தாண்டி நேராகப் போவதால் அப்போது மட்டும் ஓடுகிறது.

படி 5: பெட்ரோல்

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். இன்ஜின் ஓடாத நிலையில் கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் லிங்க்கைக் கையால் அசையுங்கள். ஆக்சிலேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் மெல்லிய பெட்ரோல் தாரை பீச்ச வேண்டும். வராவிட்டால் டேங்க், ஃபில்டர், பம்ப், ஃப்ளோட் ஊசி (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்துவது) என்று பின்னோக்கிப் போங்கள். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் முகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், தீ எதிரே கக்கும்.

கழற்றிய பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜின் ஃப்ளட் ஆகிவிட்டது. சோக்கை முழுக்கத் திறந்து, ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்து, பம்ப் அடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். ஒரு நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் கருகும்.

மாதக்கணக்கில் நின்ற கார் என்றால் டேங்க்கில் உள்ள பெட்ரோலை நம்பாதீர்கள். வார்னிஷ் போல வாடை அடித்தால் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் ஓடவில்லையா? செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் சுற்றுகிறதா என்று கேளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போது ரோட்டார் சுற்றவில்லை என்றால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்குமேல் ஒரு முறைகூட செல்ஃப் அடிக்காதீர்கள், வால்வுகள் வளைந்துவிடக்கூடும்.

சூட்டில் மட்டும் அடம் பிடித்தால்

காலையில் கிளம்புகிறது, ஓடி நிறுத்தினால் அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிக்கிறது என்றால், சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். ஆறியபின் எல்லாம் நல்லதாகவே தெரியும். உடனே பொறியைப் பாருங்கள். இல்லை என்றால் காயிலின் இரண்டு சின்ன முனைகளிலும் உள்ள வயர்களைக் கழற்றி அவற்றுக்கிடையே ஓம் அளவைப் பாருங்கள். பல்லாஸ்ட் இல்லாத காயிலுக்குச் சுமார் 3 ஓம், உள்ளதற்கு சுமார் 1.5. அதைவிட மிக அதிகமாகவோ எல்லையற்றதாகவோ காட்டினால் காயில் சூட்டில் உள்ளே அறுபடுகிறது. பொறி இருந்தால் பெட்ரோல் குழாயைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கத்தில் போகும் குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். குழாயைத் தள்ளிக் கட்டுவது நிரந்தரத் தீர்வு.

கார் ஸ்டார்ட் ஆனதும் ஒரு வேலை பாக்கி. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து, கொஞ்சம் ரேஸ் கொடுங்கள். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.6-லேயே நின்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தளர்வாக இருந்தால் இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.